பீச்சாங்கைக்குப் போகும் பந்து

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

போன ஞாயிறு பூசையில் ஃபாதர் பிரசங்கத்தின் நடுவே என் பெயரை எடுத்துவிட்டார். "தங்கை மேலே போக வேண்டும் என்று தன் கனவையே காணிக்கையாக வைத்த நம் பங்கின் மகள் ஃப்ளோரா" என்று அவர் மைக்கில் சொன்னதும் கோவில் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. பூசை முடிந்து வெளியே வந்தால், சாந்தோம் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறிக்கிறார்கள். ஒரு அம்மா அழுதேவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே செருப்பைக் கழற்றி யாரையாவது நாலு போடு போட்டிருப்பேன். யாரைப் போடுவது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பால் பவுடர் விளம்பரம் டிவியில் வந்ததிலிருந்து எனக்கு இதே தொல்லை. அந்த விளம்பரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தியாகமாம். மண்ணாங்கட்டி. அன்றைக்கு நான் நுங்கம்பாக்கம் மைதானத்துக்குப் போனது என் தங்கை ஜெசிகாவைத் தோற்கடித்து, அழவைத்து, வீட்டுக்கு அனுப்புவதற்கு. வாழ்க்கையில் வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், இன்னொன்று அவள். அவள் வெளியே சொல்ல மாட்டாள். நான் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

எங்கள் அப்பா காஸ்பர், அடையாற்றில் ஆற்றை ஒட்டியிருக்கும் ஒரு கிளப்பில் மார்க்கர். மார்க்கர் என்றால் சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவர். மெம்பர் சாருக்குக் கூட ஆட ஆள் வராத அன்று எதிர்ப்பக்கம் நின்று ஆட வேண்டும். ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது, தோற்கவும் தெரிய வேண்டும். சும்மா தோற்றாலும் சாருக்குக் கோபம் வந்துவிடும்.

"மெம்பரு கைக்கே பந்தப் போட்டுக் குடுக்கணும். அவரு ஓடக் கூடாது, ஆனா ஓடுனா மாரி வேர்க்கணும். கடைசில அவருதான் கெலிக்கணும். அதான் மார்க்கர் வேல," என்பார் அப்பா.

தொந்தி வைத்த வக்கீல்களிடமும் டாக்டர்களிடமும் வருஷக்கணக்காகத் தோற்று, "டேய் காஸ்பர், இன்னைக்கு நல்லா ஃபைட் குடுத்தடா" என்று முதுகில் தட்டு வாங்கிக்கொண்டு வருகிற மனுஷன் அவர். பாவம் என்று தோன்றுகிறதா? எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது.

வீட்டில் முதலில் ராக்கெட் பிடித்தவள் நான். ஜெசிகா என்னைவிட நான்கு வயது சின்னவள். பதினான்கு வயதுக்குட்பட்டோர் மாநிலப் போட்டியில் நான் ஃபைனல் வரை போய் இரண்டாவதாக வந்தேன். அந்தக் கோப்பை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா அதில் ஊக்கும் பட்டனும் போட்டுவைத்திருக்கிறாள்.

ஜெசிகாவுக்குப் பிறந்ததிலிருந்தே எல்லாம் பீச்சாங்கை. சோற்றில் இடது கையை வைத்தால் அம்மா ஆரோக்கியமேரி கரண்டியைத் திருப்பிப் பிடித்து முட்டியிலேயே ஒரு போடு போடுவாள். "கருமம், எந்தக் கைல துன்றா பாரு! நாளைக்கு மாமியா வூட்ல என்னத்தான் காறித் துப்புவாளுங்கோ!" என்று கத்துவாள். ஜெசிகா அழுதுகொண்டே கையை மாற்றுவாள். அடுத்த வாய் மறுபடி இடது கையில் எடுப்பாள். மறுபடி அடி விழும்.

ஒருநாள் அப்பா கிளப்பிலிருந்து வரும்போதே முகம் பளபளவென்று இருந்தது. யாரோ ஒரு மெம்பர் சொன்னாராம்: பெண்கள் டென்னிஸில் இடது கைக்காரிகள் குறைவு, அவர்கள் அடிக்கும் பந்து மற்றவர்களுக்குப் பிடிபடாத பக்கம் திரும்பும், அப்படி ஒருத்தி கிடைத்தால் தங்கம் என்று. அப்பா நேராக உள்ளே வந்து, அம்மா கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"இன்னிமே அந்தக் கைய எவளாவது அடிச்சீங்க, அவ்ளோதான். அந்தக் கைதான்டி நம்பளுக்கு சோறு போடப் போவுது."

அவ்வளவுதான். அதுவரை அடி வாங்கிய கை அன்று முதல் மாதா சுரூபம் ஆகிவிட்டது. அடித்த அம்மாவே அதற்குத் தேங்காயெண்ணெய் போட்டு உருவிவிட்டாள். என் வலது கையை யாரும் அடித்ததும் இல்லை, உருவிவிட்டதும் இல்லை.

அதே வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்னார். "ஒரு வூட்ல ஒருத்திதான் ஆட முடியும் ஃப்ளோரா. இன்னொருத்தி ஆடவைக்கணும். நீ ஆடவை."

"இன்னா நைனா சொல்ற? நான் ஃபைனல் போய்ட்டு வந்து ரெண்டு மாசங்கூட ஆவல."

"போனல்ல? தோத்துட்டல்ல? அப்புறம் இன்னா?"

தோற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனுஷன், தோற்றுவிட்டாய் என்று சொல்லி என்னை நிறுத்தினார். நியாயத்தைப் பாருங்கள். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாளிலிருந்து நான் மார்க்கரின் மார்க்கர். மெம்பர்கள் வருவதற்கு முன்னால், கிளப்பின் பின்பக்கத்துக் கோர்ட்டில், நான் ஒரு பக்கம், ஜெசிகா எதிர்ப்பக்கம். என் வேலை ஒன்றே ஒன்று. அவளுடைய இடது கைக்கு, இடுப்பு உயரத்துக்கு, ஒரு எட்டு எடுத்துவைத்தால் கிடைக்கிற தூரத்தில் பந்தைப் போட வேண்டும். போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா வலைக்குப் பக்கத்தில் நின்று, "ஊட்டுடி! அவளுக்கு ஊட்டு!" என்று கத்துவார். ஊட்டுவது என்பது அவருடைய பாஷை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி பந்து ஊட்டுவது. தப்பித்தவறி நான் பந்தை வேறு பக்கம் அடித்துவிட்டால், கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து என் கணுக்காலைக் குறிவைத்து வீசுவார். மழையில் ஊறிய பந்து எலும்பில் பட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? "ஒயுங்கா போடு. நீ கெலிக்கறதுக்கா வந்துகீற?" என்பார்.

சில வருஷங்களில் கணுக்காலில் அடி விழுவது நின்றது. அப்பா மனம் மாறியதால் அல்ல. என் கை கற்றுக்கொண்டுவிட்டதால். தூக்கக் கலக்கத்தில் அடித்தாலும், வேறு யோசனையில் அடித்தாலும், பந்து ஜெசிகாவின் பீச்சாங்கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மயிலாப்பூரில் அகாடமி வைத்திருந்த சந்திரமௌலி சார் எங்களை வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பாவிடம், "சின்னவளை நான் எடுத்துக்கறேன். ஃபீஸெல்லாம் நீங்க ஒண்ணும் தர வேண்டாம். ஆனா பெரியவளையும் கூடவே அழைச்சுண்டு வாங்கோ. இந்தக் குழந்தைக்கு இவ போடற மாதிரி வேற யாராலயும் போட முடியாது," என்றார். நான் சந்தோஷப்பட்டேன். வெட்கம் கெட்ட ஜென்மம், பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஜெசிகா ஏறிய ஏற்றத்தை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஜூனியர் நேஷனல்ஸ் ஜெயித்தாள். சோலாப்பூர், புனே என்று ஆடினாள். பிறகு துருக்கி, துனீசியா என்று சின்னச் சின்னப் போட்டிகளாகப் போய்ப் புள்ளிகள் சேர்த்தாள். உலகத் தரவரிசையில் பெயர் வந்தது, அந்தப் பெயர் மெதுவாக மேலே நகர்ந்தது. 'சாந்தோம் சந்தில் இருந்து ஒரு இடது கைப் புயல்' என்று எழுதினார்கள். போட்டோவில் அப்பா, அம்மா, ஜெசிகா, சந்திரமௌலி சார் நான்கு பேரும் இருந்தார்கள். நான் அந்த நேரம் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இடையில் தபாலில் பி.காம். முடித்து, டி.நகரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் ராக்கெட்டுக்கு நரம்பு மாட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் ஜெசிகாவுக்கு ஊட்டல், பிறகு கடை. அவள் ஊரில் இருக்கும் நாளெல்லாம் இப்படித்தான். எனக்கு ஒருமுறை கடுமையான காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை. ஜெசிகா கட்டிலுக்குப் பக்கத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "கைக்கு ஜுரம் இல்லல்ல? வாக்கா," என்றாள். சும்மா விளையாட்டுக்குச் சொன்னாள் என்று அம்மா சொன்னாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் நான் போனேனே!

அகாடமியில் புதுப் பிள்ளைகள் வந்து "இது யாரு?" என்று கேட்டால், "இதுவா, என் மார்க்கர்," என்பாள் ஜெசிகா. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன்.

நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான பெரிய சர்வதேசப் போட்டி வந்தது. அதன் முதன்மைச் சுற்றில் நேரடியாக ஆட ஜெசிகாவின் தரவரிசை பத்தவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு மட்டும் வைல்ட் கார்டு தருவார்கள். வைல்ட் கார்டு என்றால் தரவரிசை பார்க்காமல் தூக்கி உள்ளே விடுவது. யாருக்குத் தருவது என்பதில் அந்த வருஷம் பெரிய சண்டை வந்து, கடைசியில் எட்டுப் பெண்களை ஆடவிட்டு, ஜெயிக்கிறவளுக்குத் தருவது என்று முடிவானது. எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர்தான் இருந்தார்கள். ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. சந்திரமௌலி சார்தான், "அந்த எடத்துல ஃப்ளோராவைப் போட்டுடலாம். ஒரு ரவுண்டு ஆடிட்டு வந்துடுவா," என்று என் பெயரைக் கொடுத்தார். காலியாக இருந்த கட்டத்தை நிரப்ப ஒரு பெயர். அவ்வளவுதான் நான்.

முதல் ஆட்டத்தில் மஹ்விஷ். வேகமாக அடிக்கிற பெண். நான் ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை, கை போன போக்கில் அடித்தேன். மஹ்விஷ் திணறித் தோற்றாள். அரையிறுதியில் வைதேகி. மாநிலத்தில் ஜெசிகாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தவள். அவளும் தோற்றாள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கே முதலில் விளங்கவில்லை. வைதேகி கைகுலுக்க வந்தபோது, "அக்கா, எப்பப் பாத்தாலும் என் பேக்ஹேண்டுக்கே போட்டு என்னைக் கொன்னுட்டீங்க," என்றாள். அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. ஜெசிகாவுக்கு எந்தப் பக்கம் பலமோ, வலது கைக்காரிகளுக்கு அந்தப் பக்கம்தான் பேக்ஹேண்டு, பலவீனம். அவளுக்கு ஊட்டி ஊட்டிப் பழகின அதே பந்து, மற்ற எல்லாருக்கும் விஷம். இத்தனை வருஷம் என் கையில் ஒரு கத்தி இருந்திருக்கிறது, நான் அதைக் கரண்டி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஒரு மாநிலப் போட்டியாவது என்னை ஆடவிட்டிருக்கலாமே, ஒரே ஒரு தடவை வெளியே போய் ஆடு என்று சொல்லியிருக்கலாமே என்று அழுதேன். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் பஸ் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஃபைனலில் எதிரே யார் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் ஜெயிக்க வேண்டும். இந்த ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும், அந்தப் பெரிய மைதானத்தில் என் பெயரை மைக்கில் கூப்பிடுவார்கள். அதன் பிறகு முதல் சுற்றிலேயே உதைபட்டு வந்தாலும் கவலையில்லை. ஆடினவள் என்று ஆகிவிடுவேன், ஆடவைத்தவள் இல்லை.

வீட்டில் அப்பா எனக்காகவே காத்திருந்தார். வாசல் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இன்னா ஃப்ளோரா. நாளைக்கு... பாத்து செய்யிமா."

'பாத்து செய்' என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆபீசில் ஃபைல் நகர வேண்டும் என்றால் சொல்வது. கல்யாண மண்டபக்காரரிடம் சொல்வது. வாயால் கேட்காமல் கேட்பது.

"நான் கெலிக்கத்தான் போறேன் நைனா," என்றேன்.

அப்பா சிரித்தார். என் தலையைத் தடவினார். "சரி சரி, அப்டியே சொல்லிக்கோ. எனக்குத் தெரியாதா உன்ன?" என்றார். உள்ளே ஜெசிகா காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் செட்டை நான் ஜெயித்தேன்.

கேட்டீர்களா? விட்டுக்கொடுக்கப் போனவள் முதல் செட்டை ஜெயிப்பாளா? அவள் சர்வீஸ் போடும் முன்னால் பந்தை எத்தனை தட்டு தட்டினால் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். பயந்தால் தோளை எப்படித் தூக்குவாள் என்று தெரியும். நான் யோசித்து, கட்டளை போட்டு, பந்தை அவளுடைய வலது பக்கத்துக்கே, அந்தப் பலவீனமான பேக்ஹேண்டுக்கே அனுப்பினேன். ஜெசிகாவின் முகம் வெளுத்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மா ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை, சத்தியமாக.

இரண்டாவது செட் அவளுக்குப் போனது. ஆட்டம் வேகமானால் எனக்கு யோசிக்க நேரம் இருப்பதில்லை. யோசிக்காவிட்டால் கை தன் இஷ்டத்துக்கு அவளுடைய பீச்சாங்கைக்கே கொண்டுபோய் வைத்தது. அதைக் கவனித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு நான்கு என்று முன்னால் வந்தேன். என் சர்வீஸ். மேட்ச் பாயின்ட். ஒரே ஒரு பந்து.

அந்தப் பந்தை என்னால் இப்போதும் மெதுவாக ஓட்டிப் பார்க்க முடியும். நான் போட்ட சர்வீஸ் அவளை அவளுடைய இடது ஓரத்துக்குத் தள்ளியது. கோர்ட்டுக்கு வெளியே, நடுவர் நாற்காலிக்குப் பக்கம் வரை போய்விட்டாள். எப்படியோ எட்டித் தட்டினாள். பந்து சொத்தையாக எழும்பி என் முன்னால் வந்து விழுந்தது. அவளுடைய வலது பக்கம் மொத்தமும் காலி. ஒரு பஸ்ஸை நிறுத்தலாம், அவ்வளவு இடம். சின்னக் குழந்தை அடித்தாலும் அந்தப் பக்கம் போட்டு ஜெயித்துவிடும். நான் காலி இடத்தைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கையை வீசினேன்.

பந்து அவளுடைய இடது கைக்குப் போனது. இடுப்பு உயரத்துக்கு, ஒரு எட்டுத் தூரத்துக்கு, பக்குவமாக.

அவள் அதை என்னைத் தாண்டி அடித்தாள். அதன் பிறகு நடந்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த கேமும் போனது, செட்டும் போனது, ஆட்டமும் போனது.

கடைசிப் பந்து விழுந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். ஜெசிகாவுக்கு இல்லை, எனக்கு! எல்லாரும் எழுந்து நின்று எனக்குத் தட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அப்பா தடுப்பைத் தாண்டி ஓடி வந்து, என் நெற்றியில் சிலுவை போட்டு, என்னைக் கட்டிப்பிடித்துக் கதறினார்.

"நீ என் தெய்வம்டி! அவ்ளோ எடம் காலியா கெடந்துச்சு, ஊரே பாத்துச்சு, தங்கச்சிக்கு ஊட்டி வுட்டுட்டியேம்மா!"

"வுடு நைனா! நான் விட்டுக்குடுக்கல!" என்று கத்தினேன். "நான் கெலிக்கத்தான் அடிச்சேன்! தப்பாப் போச்சு!"

"பாத்தியா, பாத்தியா," என்று அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் மூக்கை உறிஞ்சினாள். "எப்டி மறைக்கறா பாரு. பெரிய மனசு இருக்கறவங்கோ வாயத் தொறந்து ஒத்துக்கவே மாட்டாங்கோ."

நான் என்ன சொன்னாலும் அது இன்னும் பெரிய தியாகமாக மாறியது. அழுதால் தியாகம், கத்தினால் தியாகம், சும்மா இருந்தால் அதைவிடப் பெரிய தியாகம். ராக்கெட்டைப் பையில் திணித்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு ஓடினேன்.

ஜெசிகா அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள். அவளாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். 'ஏன் விட்டுக்கொடுத்தாய், எனக்கென்ன பிச்சை போடுகிறாயா' என்று அவள் சண்டைக்கு வந்தால், கட்டிப் புரண்டாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"நீ விட்டுக்குடுக்கலன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. ஒருத்திக்காவது தெரிகிறதே. அதுவும் அவளுக்கு.

"அந்த மேட்ச் பாயின்ட்ல, ஓரத்துல போய் மாட்டிக்கினு இருந்தேன் பாரு. வேற யாரா இருந்தாலும் அடிச்சவுடனே நடுவுக்கு ஓடி வருவாங்க. நான் ஏன் ஓடல, யோசிச்சியா?"

நான் யோசித்திருக்கவில்லை.

"நீ டென்ஷனானா எனக்குத்தான் போடுவே. எனக்குத் தெரியும். அங்கயே நின்னேன்." டவலால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். "ஃபர்ஸ்ட் செட்ல நீ நிஜமாவே பயமுறுத்திட்டக்கா. அப்புறம் யோசிச்சேன். இது எங்க போயிடப் போவுது, டைட்டான டைம்ல எங்கிட்டதான் வரும்னு."

அவள் கெட்டவள் மாதிரி சொல்லவில்லை. சிரித்துக்கூடச் சொல்லவில்லை. கோச்சிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வெளிய சொல்லேன்டி," என்றேன். "நான் விட்டுக்குடுக்கல, நீதான் கெலிச்சேன்னு சொல்லேன். உனக்கும் அதான மரியாதை?"

ஜெசிகா டவலைப் பையில் போட்டாள். "எதுக்குக்கா? நீ விட்டுக்குடுத்தேன்னா உனக்கு நல்ல பேரு. தோத்துட்டேன்னா இன்னா இருக்கு?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம மெயின் டிரா. நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு, இன்னா?"

அந்தப் போட்டியில் அவள் காலிறுதி வரை போனாள். அதற்குப் பிறகு ஏணிதான். ஆஸ்திரேலியா போனாள், பாரிஸ் போனாள், முதல் நூறு பேருக்குள் வந்தாள். அண்ணா சாலையில் அவள் இடது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெரிய படம் வந்தது. எங்கே பேட்டி கொடுத்தாலும் கண் கலங்க, "எல்லாம் எங்க அக்கா குடுத்தது," என்றாள். ஊரே உருகியது. கடையில் ராக்கெட் கொண்டுவருகிறவர்கள், "நீங்கதான அந்த அக்கா? ஒரு செல்ஃபி," என்று கேட்டார்கள். நரம்பு மாட்டுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன்.

அப்புறம்தான் அந்தப் பால் பவுடர்க் கம்பெனி வந்தது. விளம்பரத்தின் தலைப்பு 'அன்பை ஊட்டுங்கள்'. யார் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், அப்பா வைத்த தலைப்பு. ஜெசிகாவும் நானும் அந்த மேட்ச் பாயின்ட்டை மறுபடி ஆடிக்காட்ட வேண்டும். கோடம்பாக்கத்திலிருந்து செம்பியன் என்ற டைரக்டர் ஒரு பட்டாளத்தோடு வந்து, அப்பாவின் கிளப்பையே வாடகைக்கு எடுத்தார். அன்றைக்கு அப்பாவுக்கு மெம்பர்கள் உட்காரும் பிரம்பு நாற்காலி போட்டார்கள். முதல்முறையாக அதில் உட்கார்ந்தார். கால் மேல் கால் போடலாமா என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

செம்பியன் என்னிடம் விளக்கினார். "சிம்பிள் மேடம். பந்து வருது. காலி எடத்தப் பாக்குறீங்க. ஒரு சின்ன ஸ்மைல். அங்க அடிக்காம, தங்கச்சி கைக்கே போட்டுடறீங்க. ஜனங்க அழுதுடுவாங்க."

அந்த நொடியில் நான் முடிவுசெய்தேன். அவள் கைக்கு அடிக்க மாட்டேன். காலி இடத்துக்கே அடிப்பேன். கேமரா ஓடும்போது, எல்லாரும் பார்க்கும்போது, ஒரே ஒரு முறை அந்தப் பந்தை அங்கே கொண்டுபோய் வைப்பேன். அவர்கள் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு டேக் எடுக்கட்டும், கவலையில்லை. என் கை எனக்குச் சொந்தம் என்று ஜெசிகாவுக்குத் தெரிந்தால் போதும். எனக்குத் தெரிந்தால் போதும்.

அவர்கள் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தபோது தனியாக அடித்துப் பார்த்தேன். காலி மூலைக்கு ஒன்று அடித்தேன், போனது. இன்னொன்று, போனது. கோடு ஓரமாக, நினைத்த இடத்தில் நினைத்தபடி. என் கை நன்றாகத்தான் இருந்தது.

"ரெடி மேடம். ரோலிங். ஆக்‌ஷன்!"

ஜெசிகா தன் இடது ஓரத்துக்கு ஓடி, எட்டித் தட்டினாள். பந்து எழும்பி வந்து என் முன்னால் விழுந்தது, அன்று வந்த மாதிரியே. நான் காலி மூலையைப் பார்த்தேன். ஸ்மைலும் கிடையாது ஒன்றும் கிடையாது, அங்கே, அங்கே, அங்கே என்று உள்ளுக்குள் கத்தினேன். ஓரக்கண்ணில் ஜெசிகா தெரிந்தாள். அவள் நடுவுக்கு ஓடவில்லை. அங்கேயே நின்றாள்.

கையை வீசினேன்.

பந்து அவளுடைய பீச்சாங்கைக்குப் போனது.

"கட்! டேக் ஓகே!" என்று செம்பியன் குதித்தார். "சூப்பர் மேடம்! அந்தத் தவிப்பு இருக்கே, நேச்சுரல்! நடிக்கவே இல்ல நீங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அப்பாவும் தட்டினார். ஜெசிகா வலைக்குப் பக்கத்தில் வந்து, தன் ராக்கெட்டால் என் ராக்கெட்டை லேசாகத் தட்டினாள்.

"நாளைக்கு ஆறு மணிக்குக்கா," என்றாள்.

சரி என்றேன்.